படுக்கையும் பாடும்

இந்த வரிசையிலே ‘நோயும் இலக்கியமும்’ என்ற பொருள் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டார்கள். முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழ் படிப்பித்தவனுக்கு அது பெரிய சிரமமான காரியமன்று. அப்பர் சுவாமிகளின் சூலை நோயிலே தொடங்கி, வேதாகமத்து யோபுவின் பருக்களுக்கு வந்து, பவுல் அப்போஸ்தலரின் முள்ளிலே முடித்துவிடலாம். அப்படி ஓர் உரையை எழுதியும் விட்டேன். எழுதிய பின் வாசித்துப் பார்த்தேன். அதில் எல்லோரும் இருந்தார்கள். என் தாயார் மாத்திரம் இருக்கவில்லை. பதினைந்து ஆண்டுகள் ஒரு நோயாளியோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவன் நோயைப் புத்தகத்திலே மட்டும் தேடுவது நேர்மையன்று என்று பட்டது. ஆகவே அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு இதைப் பேச வந்திருக்கிறேன்.

நான் கிறிஸ்தவன். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பலர் சைவர்களாகவும் இஸ்லாமியர்களாகவும் இருப்பீர்கள். உங்களுக்குப் பிரசங்கம் செய்வது என் நோக்கமன்று. பிரசங்கங்களால் இந்த விஷயத்தில் நானே போதுமான அளவு காயப்பட்டிருக்கிறேன்.

அம்மா உடுவில் மகளிர் பாடசாலையில் படித்தவர். பின்னர் தையல் ஆசிரியை. ஓய்வு பெற்ற பிறகும் கை ஓயாதவர். கோழி வளர்ப்பார், பினாட்டுப் போடுவார், ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்கு உடுப்புத் தைப்பார். வீட்டிலே யாராவது சும்மா இருந்தால் அவருக்குப் பொறுக்காது. “கர்த்தர் ரெண்டு கை தந்தது மடியில வைக்கவோ?” என்பார். தந்தையார் நேரத்தோடு காலமானதால் எங்கள் மூவரையும் தையல் மெஷினிலே பாடுபட்டு வளர்த்தவர் அவர். இந்தப் ‘பாடுபட்டு’ என்ற சொல்லை நேயர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டும். பிறகு இதற்கு வருவேன்.

1986ஆம் ஆண்டு. கனடாவிலிருந்த என் தம்பிக்கு அம்மா எழுதிய கடிதத்தை உறையிலிட எடுத்தேன். முதல் வரி வழக்கமான அழகிய மிஷன் பாடசாலை எழுத்து. போகப் போக எழுத்துக் குறுகி, கடைசி வரிகள் எறும்பு ஊர்ந்தாற்போல இருந்தன. “தாள் மிச்சம் பிடிக்கிறீங்களோ?” என்று பகிடி பண்ணினேன். அம்மாவும் சிரித்தார். அடுத்த ஆண்டு வலது கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் தாமாகவே உருளத் தொடங்கின, குளிசையொன்றை உருட்டுவது போல. ஊசியிலே நூல் கோக்க முடியாது போயிற்று. வைத்தியர் பார்த்த மாத்திரத்திலே சொல்லிவிட்டார்: பார்க்கின்சன் நோய்.

நம்மவர்கள் இதைக் கம்பவாதம், நடுக்குவாதம் என்றார்கள். லண்டன் வைத்தியரான ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் இதனைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். ஆறு நோயாளரைப் பற்றிய நூல் அது. அவர்களிற் சிலரை அவர் வீதியிலே கண்டுதான் விவரித்திருக்கிறார். மூளையின் அடியிலே கருநிறமான சிறு பகுதி ஒன்று உண்டு. அங்குள்ள கலங்கள் மெல்ல மெல்ல அழிய, அவை சுரக்கும் டோபமைன் குறைகிறது. நடுக்கம் மட்டுமன்று, தசைகள் இறுகுகின்றன, நடை குறுகுகிறது, குரல் தேய்கிறது. எல்லாவற்றிலும் கொடுமை, முகம் அசைவற்றுப் போவது. உள்ளே சிரித்தாலும் வெளியே தெரியாது. ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபதுகளின் கடைசியில் லெவோடோபா என்ற மருந்து வந்தது. அது இயலாமையைத் தளர்த்துமே தவிர நோயை மாற்றாது. இன்றும் மாற்றுகிற மருந்து இல்லை.

நோய் என்று தெரிந்ததும் விளக்கங்கள் வந்தன. விளக்கங்களுக்கு நம் ஊரில் என்றும் தட்டுப்பாடு இருந்ததில்லை. அயல் வீட்டார் முற்பிறப்பு என்றார்கள். அவர்களுடைய நம்பிக்கை அது, மரியாதையோடுதான் சொன்னார்கள். எங்களுடைய ஆட்கள்தான் மோசம். ஜெபக்கூட்டம் நடத்தும் ஒருவர் வந்து, அறிக்கையிடாத பாவம் ஏதாவது உண்டோ என்று அம்மாவையே கேட்டார். இன்னொருவர் விசுவாசம் போதாது என்றார். சுகமளிக்கும் கூட்டமொன்றுக்கு அம்மாவை அழைத்துச் சென்றோம். அங்கே கையை உயர்த்தச் சொன்னார்கள். அம்மாவால் ஒரு கையைத்தான் உயர்த்த முடிந்தது. திரும்பி வரும்போது அவர் ஒன்றும் பேசவில்லை.

யோபுவின் நண்பர்களைப் பற்றி நான் வகுப்பிலும் ஆலயத்திலும் பல தடவை பேசியிருக்கிறேன். ஆனால் அவர்களின் கதையில் ஒரு சிறு விஷயம் அப்போதுதான் என் கண்ணிற் பட்டது. அவர்கள் வந்தவுடனே விளக்கம் சொல்லத் தொடங்கவில்லை. ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையிலே பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாளும் அவர்கள் உத்தம நண்பர்கள். வாய் திறந்த பிறகுதான் கெட்டார்கள். புத்தகத்தின் முடிவிலே கடவுள் கோபிப்பதும் புலம்பிய யோபுமீதன்று, விளக்கம் சொன்ன இவர்கள்மீதுதான்.

இயேசுவிடமும் இதே கேள்வியைக் கேட்டார்கள். பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, பெற்றார் செய்த பாவமா என்றார்கள். இரண்டும் இல்லை என்றார். சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தபோதும் அவர்கள் மற்றவர்களிலும் பாவிகள் அல்லர் என்றார். இவ்வளவு தெளிவாக மறுக்கப்பட்ட ஒரு கேள்வியை நாங்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாக விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

என்னை எல்லாவற்றிலும் அதிகமாகக் கோபப்படுத்தியது ஒரு நல்ல மனிதரின் பிரசங்கம். வீட்டிலுள்ள நோயாளி மற்றவர்களுக்குப் பொறுமை படிப்பிக்கக் கடவுள் அனுப்பிய பாடசாலை என்றார் அவர். அன்று பாதி ஆராதனையில் எழுந்து வந்துவிட்டேன். என்னைத் திருத்துவதற்காக என் தாயின் கையை முடக்குகிற கடவுள் எனக்கு வேண்டாம். இன்றும் என் நிலைப்பாடு அதுதான். நோய் எதற்காக வந்தது என்பதற்கு ஆத்மீக விளக்கமொன்றை நான் தேடவில்லை. எவராவது தந்தால் வாங்கவும் மாட்டேன். நான் சொல்ல வந்தது வேறு.

அதைச் சொல்வதற்கு முன்னர் 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதியைப் பற்றிப் பேசியாக வேண்டும். வலிகாமத்து நேயர்களுக்கு அந்தத் திகதியை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: அன்று மாலையில் தொடங்கி ஓர் இரவுக்குள் சில இலட்சம் மக்கள் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிப் பக்கம் வெளியேறினார்கள். மழை பெய்துகொண்டிருந்தது.

என் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அயலவர்களின் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி முன்னரே போய்விட்டார்கள். அம்மாவை அந்தக் கும்பலுக்குள் ஏற்ற முடியவில்லை. சைக்கிள் கரியரிலே தலையணை வைத்துக் கட்டி, அதன்மேல் அம்மாவை இருத்தி, படுக்கை விரிப்பால் சீற்றோடு சேர்த்துக் கட்டித் தள்ளிக்கொண்டு புறப்பட்டேன். சாதாரண நாளில் ஒரு மணித்தியாலம் எடுக்கும் பாதை. செம்மணி வெளிக்கு வந்து சேர்ந்தபோது பொழுது விடிந்துவிட்டது. முன்னாலே நாவற்குழிப் பாலம். நடுவிலே அசையாத சனக்கூட்டம். குளிசை நேரம் தவறியதால் அம்மாவின் உடல் விறைத்து, ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே இருந்தது. பிள்ளைகள் எங்கே என்று தெரியாது.

அந்த இடத்தில் அம்மாவை இறக்கி, வீதியோரத்தில் யாரோ கைவிட்டுப் போயிருந்த ஒரு ட்ரங்குப் பெட்டியின்மேல் இருத்தினேன். “அம்மா, முன்னுக்குப் பாதை எப்பிடியெண்டு பாத்துக்கொண்டு வாறன்” என்றேன். அம்மா தலையாட்டினாரோ, அது நடுக்கமோ தெரியவில்லை.

நேயர்களே, பாதை பார்த்து வரப் போகிறவன் சைக்கிளைக் கொண்டு போகத் தேவையில்லை. நான் கொண்டு போனேன். ஆள் இல்லாத சைக்கிள் இலேசாக இருந்தது. இடுக்குகளுக்குள் நுழைத்து நுழைத்துப் பாலத்தடிவரை போனேன். திரும்பி வருவேன் என்று எனக்கு நானே சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பிள்ளைகள், பிள்ளைகள் என்று மட்டும் மனம் சொல்லிக்கொண்டிருந்தது. பாலத்தடியிலே கூட்டம் அடியோடு நின்றுவிட்டது. அப்போது பின்னால் திரும்பிப் பார்த்தவன் கரியரில் கட்டியிருந்த தலையணையைக் கண்டேன். மழையில் நனைந்து, அம்மா இருந்த குழி மட்டும் அப்படியே இருந்தது. சைக்கிளைத் திருப்பினேன்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகியிருக்கும். அம்மா அதே பெட்டியின்மேல் அதே மாதிரி இருந்தார். அவருடைய முகம்தான் எதையும் காட்டாத முகமாயிற்றே. “வந்திட்டியோ” என்றார். அவ்வளவுதான். அதைப் பற்றி அவர் என்னிடம் ஒருபோதும் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை. என் மனைவிக்குக்கூட அம்மா இறந்த பிறகுதான் சொன்னேன்.

மீசாலையிலே ஒரு சைவக் குடும்பத்தின் வீட்டு விறாந்தையில் எங்களுக்கு இடம் கிடைத்தது. மனைவி பிள்ளைகளை மூன்றாம் நாள் கண்டுபிடித்தோம். எண்ணி எடுத்துச் சென்ற குளிசைகளைப் பாதி பாதியாக உடைத்துக் கொடுத்தும் மார்கழி முற்பகுதியில் அவை தீர்ந்தன. குடாநாட்டில் எந்த மருந்துக்கும் தட்டுப்பாடாயிருந்த காலம். அம்மா மரக்கட்டையானார். பாயில் படுத்தால் புரட்டிவிட ஒருவர் வேண்டும். வாயிலிட்ட சோற்றை விழுங்கவே நெடுநேரம் சென்றது. அந்த ஊர் நாட்டு வைத்தியர் ஒருவர் பூனைக்காலி விதையைப் பொடித்துப் பாலில் கொடுத்தார். அது ஓரளவு உதவிற்று. அந்த விதையில் லெவோடோபா இயற்கையாகவே உண்டு என்பதைப் பல ஆண்டுகளின் பின்னரே ஒரு மருத்துவ நூலில் வாசித்தேன். வைத்தியர் அதை வாதத்துக்கு நல்லது என்று மட்டும் அறிந்திருந்தார். அவருடைய அறிவும் போதுமானதாகத்தான் இருந்தது.

வீட்டுக்கார அம்மையார் மாலையிலே தேவாரம் படிப்பவர். ஒருநாள் அம்மாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே அப்பரின் கதையைச் சொன்னார். சமண மடத்திலே தருமசேனராய்ப் பெருமையோடிருந்தவர் வயிற்றிலே சூலை பிடித்துத் துடிக்கிறார். மடத்து வைத்தியமெல்லாம் தோற்ற பிறகு திருவதிகைக்குத் தமக்கை திலகவதியாரிடம் போகிறார். அங்கே திருநீறு பெற்று, பதிகம் பாடி, நோய் நீங்குகிறது. பெரியபுராணத்தை நான் எத்தனையோ வருடம் படிப்பித்தவன். ஆனால் அந்த அம்மையார் சொன்ன ஒரு வசனம் எந்த உரையாசிரியரிடமும் நான் காணாதது. “சூலை பெரிசில்லை, தம்பி. போறதுக்கு அவருக்கு ஒரு அக்கா இருந்தவ. அதுதான் பெரிசு.”

அம்மாவும் பதிலுக்குப் பவுலைப் பற்றிச் சொன்னார், மெல்லிய குரலில். பவுலுக்கு உடம்பிலே ஒரு முள். அது கண் நோய் என்பாரும் உளர், மலேரியா என்பாரும் உளர். அதை எடுத்துவிடும்படி மூன்று தரம் கேட்டார். எடுக்கப்படவில்லை. அருள் போதும் என்ற மறுமொழி மட்டும் வந்தது. “எனக்குக் கிடைச்சது பவுலின்ர மறுமொழி” என்றார் அம்மா. இதைக் கேட்டு அந்த அம்மையார் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, “அப்ப உங்கட சாமி கொஞ்சம் கடுமைதான்” என்றார். இருவரும் சிரித்தார்கள். அம்மாவின் சிரிப்பு முகத்தில் தெரியாது, தோளிலேதான் தெரியும். கிறிஸ்தவத்துக்கும் சைவத்துக்கும் இடையிலே எங்கள் ஊரில் நூற்றைம்பது ஆண்டுகளாகக் கண்டனமும் மறுப்புமாக எழுதியவையெல்லாம் எனக்குத் தெரியும். அந்த விறாந்தையிலே நடந்த சம்வாதத்துக்கு அவை ஈடாகா.

அந்த வீட்டிலே இன்னுமொன்று நடந்தது. இந்த நோயாளரின் கால் திடீரென்று நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும், குறிப்பாக வாசற்படியில். இழுத்தால் விழுவார்கள். வீட்டுச் சிறுமி முற்றத்திலே கெந்தி விளையாடக் கரியால் கட்டங்கள் கீறியிருந்தாள். படலையடியில் கால் ஒட்டி நின்ற அம்மா அந்தக் கோட்டைக் கண்டதும் காலைத் தூக்கிக் கோட்டுக்கு அப்பால் வைத்தார். பிறகு அடுத்த கோடு, அடுத்தது. சிறுமி கைதட்டினாள். கண் முன்னே கோடு ஒன்று இருந்தால், நின்ற கால் கிளம்பும் என்பது இப்போது வைத்தியர்கள் எல்லாரும் சொல்லுகிற விஷயம். பாட்டும் தாளமும் அப்படியே. எங்களுக்கு அதைப் படிப்பித்தவள் எட்டு வயதுப் பிள்ளை. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் நான் கரித்துண்டு கொண்டு போனேன். கோடு கீற இடமில்லாத இடங்களிலே கீர்த்தனை பாடினேன். என் குரல் நல்லதன்று. அம்மாவின் கால் அதைப் பொருட்படுத்தவில்லை.

1996 சித்திரைக்குப் பின் ஊர் திரும்பினோம். ஓட்டில் பாதி இல்லை. தையல் மெஷினும் இல்லை. மெஷின் இல்லாததை அம்மாவுக்குச் சொல்ல நான் பயந்தேன். “இருந்தும் என்ன செய்யிறது” என்றார்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். 1998 அளவில் நண்பரான போதகர் ஒருவர் எனக்கு ஓர் ஆங்கிலப் புத்தகத்தை இரவல் தந்தார். வான்ஸ்ரன் என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் 1982இல் எழுதியது. காத்திருத்தலின் மாண்பு என்று அதன் தலைப்பை மொழிபெயர்க்கலாம். அவர் மாற்கு சுவிசேஷத்தை இலக்கண ஆசிரியரைப் போல வாசிக்கிறார். முற்பகுதியிலே இயேசுதான் எழுவாய். அவர் போகிறார், தொடுகிறார், கட்டளையிடுகிறார், துரத்துகிறார், ஓய்வே இல்லை. கெத்சமனேயிலே பிடிபட்ட கணத்திலிருந்து எல்லாம் மாறிவிடுகிறது. அதன் பின் அவர் செய்வது மிகக் குறைவு. அவருக்குச் செய்யப்படுவதே கதை. யூதாஸ் ஆசாரியர்களிடம் ஒப்படைக்கிறான், அவர்கள் பிலாத்துவிடம், பிலாத்து சேவகரிடம். கிரேக்கத்திலே மூன்று இடத்திலும் ஒரே வினைச்சொல். நம் வேதாகமம் யூதாசுக்கு மட்டும் ‘காட்டிக்கொடுத்தான்’ என்று வேறாகச் சொல்லுவதால் அந்தத் தொடர்ச்சி நமக்குத் தெரிவதில்லை. ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றப்படுகிற மனிதராகிறார் இயேசு. உலகத்தின் மீட்பு அவர் நடந்து திரிந்த காலத்திலன்று, இந்தக் கட்டத்திலேதான் நடக்கிறது என்று திருச்சபை நம்புகிறது.

இதை வாசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையில் அம்மா கூப்பிட்டார், புரட்டிவிடச் சொல்லி. போய்ப் புரட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அப்போது எனக்குத் தமிழ் ஞாபகம் வந்தது.

செயப்பாட்டுவினையை நாம் எப்படி ஆக்குகிறோம்? ‘படு’ சேர்த்து. அறையப்பட்டார், அடக்கம் செய்யப்பட்டார். இந்தப் ‘படு’ தனியே நின்றால் என்ன? படுத்தல், அதிலிருந்து படுக்கை. நீண்டால் பாடு; கிறிஸ்துவின் பாடுகள் என்று நாங்கள் சொல்லும் அதே பாடு. ஆங்கிலத்திலும் நோயாளி என்ற சொல்லும் கிறிஸ்துவின் பாடு என்ற சொல்லும் ஒரே இலத்தீன் வினையிலிருந்து வந்தவைதாம். ஆனால் தமிழ் அதற்கும் ஒருபடி மேலே போகிறது. ‘பாடுபட்டு வளர்த்தேன்’ என்றால் உழைத்து வளர்த்தேன் என்று பொருள். சிலுவையிலே ‘பாடுபட்டார்’ என்றால் தாங்கினார் என்று பொருள். உழைப்புக்கும் தாங்குதலுக்கும் இந்த மொழி ஒரே சொல்லை வைத்திருக்கிறது. தையல் மெஷினில் இருந்து பாடுபட்ட அதே பெண் இப்போது பாயிலே பாடுபடுகிறாள். முந்தியது வேலை, பிந்தியது வேலையின்மை என்று பிரித்தது நான்.

ஏசாயா தீர்க்கதரிசியின் நூலில் வரும் துன்புறும் ஊழியனை ‘பாடு அநுபவித்தவர்’ என்று நம் மொழிபெயர்ப்பு சொல்கிறது. அவ்விடத்தில் எபிரேய மூலத்திலுள்ள சொல்லுக்கு நோய் என்பதே நேர்ப்பொருள். நோயோடு பழகியவர். மொழிபெயர்த்தவர்கள் அந்த நோயைப் பாடு என்று எழுதியது தவறென்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அது நல்ல தமிழாகத்தான் படுகிறது.

பிரெஞ்சு அறிஞரும் யேசுசபைக் குருவுமான தெய்யார் த சார்தன் பூமியின் ஆதிகாலத்தை ஆராய்ந்துகொண்டு சீனாவிலே திரிந்தவர். அவருடைய சகோதரி மார்கரெட் மேரி நீண்ட காலம் பிரான்சிலே படுக்கையில் இருந்து 1936இல் இறந்தார். படுக்கையில் இருந்தபடியே கத்தோலிக்க நோயாளர் சங்கமொன்றை நடத்தியவர் அவர். தான் கண்டங்களையும் கடல்களையும் சுற்றிய காலத்தில் அசையாது கிடந்த தங்கைதான் பெரிய வேலையைச் செய்தாள் என்ற கருத்துப்பட அந்தத் தமையன் பின்னர் எழுதினார். செயலையே போற்றிய ஒருவர் இப்படி எழுதியது கவனிக்கத்தக்கது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு எனக்கொரு தயக்கமும் உண்டு. இதெல்லாம் கட்டில் ஓரத்திலே நிற்பவனுக்கு அழகாக இருக்கும். கட்டிலில் கிடப்பவருக்கு எப்படியோ? வான்ஸ்ரனை வாசித்த உற்சாகத்தில் நான் அம்மாவிடம் போய், செயப்பாட்டுவினையையும் கெத்சமனேயையும் சேர்த்து ஒரு பாடமே நடத்தினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், “நல்லாயிருக்கு, தம்பி. இப்ப முதுகைச் சொறிஞ்சு விடு” என்றார். நோயாளியின் நோய்க்கு அர்த்தம் சொல்லும் உரிமை நோயாளிக்குத்தான் உண்டு. அம்மா தமக்குரிய அர்த்தத்தைச் சொல்லாலே சொல்லவில்லை. அவர் செய்ததை மட்டும் சொல்கிறேன்.

அம்மாவிடம் நீல மட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பி இருந்தது. ஒவ்வொரு நாளும் யாருக்காக மன்றாட வேண்டுமென்று அதிலே பெயர் எழுதுவார். நோய்க்கு முந்திய பக்கங்களில் பக்கத்துக்குப் பத்துப் பெயர். நோய் முற்ற முற்ற எழுத்துச் சிறுத்து, பக்கத்துக்கு அறுபது எழுபது பெயராயிற்று. கை குறுகக் குறுக ஆட்கள் கூடினார்கள். 1997இற்குப் பின் எழுதவே முடியவில்லை. காலையில் அம்மா முணுமுணுக்க நான் எழுதினேன். வேண்டா வெறுப்பாகத்தான் எழுதினேன். பாடசாலைக்கு நேரம் போகும், பெயர் முடியாது. மீசாலை அம்மையாரும் அவருடைய சிறுமியும் தவறாமல் வருவார்கள். வைத்தியசாலைக்குப் போகும் வழியிலிருந்த சோதனைச்சாவடியில் அம்மாவைக் கண்டு கதிரை கொண்டுவந்து கொடுத்த ஒரு சிங்களச் சிப்பாய் இருந்தான். பெயர் தெரியாததால் ‘கதிரைப் பிள்ளை’ என்று எழுதச் சொன்னார். அறிக்கையிடாத பாவம் உண்டோ என்று கேட்டவரும் அதிலே இருந்தார். அந்தப் பெயர் வந்தபோது பேனையைக் கீழே வைத்தேன். “எழுது” என்றார். அந்த மெல்லிய குரலுக்குள்ளே பழைய தையல் ரீச்சர் இருந்தார். எழுதினேன்.

கடைசி இரண்டு ஆண்டுகளில் திருவிருந்து அப்பத்தை அம்மாவால் கையில் வாங்க முடியவில்லை. போதகர் வீட்டுக்கு வந்து நாக்கில் வைப்பார். அம்மாவுக்கு அது ஆரம்பத்தில் வெட்கமாயிருந்தது. எங்கள் சபையிலே கையில் வாங்குவதுதான் வழக்கம். பிறகு ஒருநாள், “குஞ்சுக்கு ஊட்டுற மாதிரி” என்று சொல்லி வாயைத் திறந்தார். கொடுத்தே பழகிய ஒருவர் வாங்கிக்கொள்ளப் படித்த அந்தப் பாடத்துக்கு எத்தனை ஆண்டு சென்றது என்பது எனக்குத் தெரியும். அதில் எத்தனை நாள் அழுதார் என்பதும் தெரியும். இதை அழகான காட்சியாக்கிவிட நான் விரும்பவில்லை. படுக்கைப்புண் இருந்தது. இரவிலே மாயத் தோற்றங்கள் கண்டு பயந்து கத்தினார்; மருந்தே சில வேளை அப்படிச் செய்யும். நானும் அவர்மீது கத்தியிருக்கிறேன். என் மனைவி கத்தவில்லை. அவளைப் பற்றித் தனியே ஓர் உரை வேண்டும், அவள் விடமாட்டாள்.

2001ஆம் ஆண்டு மார்ச் மாதம் அம்மா காலமானார். அடக்கம் முடிந்த மறுகிழமை அந்தக் கொப்பியை முதலிலிருந்து வாசித்தேன். என் கையெழுத்துப் பக்கங்களைத் தாண்டி, அம்மாவே எழுதிய கடைசிப் பக்கங்களுக்கு வந்தபோது கண்ணுக்குப் புலப்படவில்லை. பாடசாலை விஞ்ஞான கூடத்திலிருந்து பூதக்கண்ணாடி ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். மீசாலையில் எழுதிய பக்கம். மேலே 1995 கார்த்திகை என்று இருக்கிறது. மற்றப் பக்கங்களிலெல்லாம் பெயர்கள் மட்டுமே இருக்கும். இதிலே முதல் வரி ஒரு வசனம். ‘தம்பி திரும்பி வந்தான். ஸ்தோத்திரம்.’

அதற்குக் கீழே வழக்கம்போலப் பெயர்கள். முதற்பெயர் ட்ரங்குப் பெட்டிக்காரர். யாரென்று தெரியாமலே அவருக்காகவும் மன்றாடியிருக்கிறார். அடுத்தது என் பெயர். அதன் பிறகு எழுத்து மிகவும் சிறிது. கண்ணாடி வைத்தும் சில பெயர்களை என்னால் இன்னும் வாசிக்க முடியவில்லை.